ஆராயப்படுவோராக மட்டும் இருத்தல் போதுமா?

எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தில் ‘அகால மரணமடைந்தார்’ என்ற தொடர் அடிக்கடி காணப்படுகின்றது. விபத்தில் இறந்தவருக்கும் அது பொருந்தும். திடீர் நோயால் மறைந்தவருக்கும் பொருந்தும். தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவருக்கும் அதே தொடர்தான் பயன்படுகின்றது. துயருற்ற குடும்பத்தை மேலும் புண்படுத்தாதிருக்க எழுந்த மரபு அது. அதிற் குறை காண்பதற்கில்லை. ஆனால் அறிவித்தலில் மறைக்கப்படும் காரணம் எமது சிந்தனையிலிருந்தும் மறைந்துபோவதே கவலைக்குரியது. செத்தவீட்டில் தணிந்த குரலிற் பேசப்பட்டு, எட்டுச் செலவோடு தேய்ந்து, அந்தியேட்டியோடு அடங்கிவிடும் விடயமாகவே நாம் இதனை இத்தனை காலமும் வைத்திருக்கின்றோம்.

நாம் வாழும் நாடுகள் அவ்வாறு வைத்திருக்கவில்லை. தற்கொலையையும், தன்னைத்தானே ஊறுபடுத்திக்கொள்ளலையும் எவ்வாறு தடுக்கலாம் என்பதை அவை பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறையாகவே வளர்த்து வருகின்றன. அத்துறையில் முதுமாணி, கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொள்வோருக்குக் கட்டணத்தை விலக்கி, மாதாந்தம் உதவித்தொகையும் வழங்குகின்றன. உலகில் ஆண்டுதோறும் 720,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவ்வாய்வுகளில் எமது பிள்ளைகளிற் சிலரேனும் ஈடுபடவேண்டும் என்பதும், அதற்குப் பெற்றோரும் சமூக நிறுவனங்களும் வழிவிட வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஆய்வு உயிர் காக்குமா?

‘ஆய்வு என்பது காகிதத்தில் எழுதும் விடயம், அதனால் ஓருயிரேனும் பிழைக்குமா?’ என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு உலகம் இன்று எடுத்துக்காட்டும் மறுமொழி நாம் பிறந்த தீவிலிருந்தே வந்திருக்கின்றது.

1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களைக் கொண்ட நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்கியது. 1995 ஆம் ஆண்டில் ஒவ்வோர் இலட்சம் பேரிலும் ஏறத்தாழ 47 பேர் அவ்வாறு உயிரிழந்தனர். இறந்தோரிற் பெரும்பாலானோர் பூச்சிகொல்லி நஞ்சினால் இறந்தனர். 1984 ஆம் ஆண்டிலிருந்து 2011 ஆம் ஆண்டு வரையில் மிகக் கொடிய நஞ்சு வகைகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன் பயனாக நாட்டின் தற்கொலை வீதம் 70 விழுக்காடு வரையில் வீழ்ச்சியடைந்தது. 1995 க்கும் 2015 க்கும் இடையில் 93,000 உயிர்கள் இதனாற் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். ஒரு நடுத்தர நகரத்தின் சனத்தொகைக்கு ஈடான தொகை அது.

இத்தடைகளுக்குப் பின்னால் மருத்துவமனை விடுதிகளில் ஆண்டுக்கணக்கிற் சேர்க்கப்பட்ட குறிப்புகள் இருந்தன. எந்த நஞ்சை அருந்தியோர் பிழைத்தனர், எதனை அருந்தியோர் பிழைக்கவில்லை என்று கணக்கெடுத்தவர்கள் இளம் மருத்துவர்களும் பட்டப்பின் மாணவர்களுமே. வீழ்ச்சிக்குக் காரணம் தடைகள்தாமா, அன்றி வேலையின்மை, மது, மணமுறிவு, யுத்தம் என்பவற்றின் ஏற்ற இறக்கமா என்பதை 2007 ஆம் ஆண்டில் பிறிஸ்ரல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கனெல் தலைமையில் வெளியான ஆய்வு ஒவ்வொன்றாகச் சோதித்தது. ஏனையவை காரணமல்ல, தடைகளே காரணம் என்ற முடிவுக்கு அது சார்பாக நின்றது. அனுராதபுரத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய மருத்துவர் மைக்கேல் எடில்ஸ்ரனின் முயற்சியால் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஓர் ஆய்வு நிலையம் இன்று இயங்குகின்றது.

இவ்வாய்வுகள் மற்றுமோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தன. மனமுடைந்தோர் தம்மை ஊறுபடுத்திக்கொள்வது தடைகளின் பின்னரும் தொடர்ந்தது. ஆனால் இறப்போர் தொகை குறைந்தது. அந்தக் கொடிய வேளையைக் கடந்து பிழைத்தோரிற் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. ‘சாக நினைத்தவரை யாராற் தடுக்க முடியும்’ என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வார்த்தை பிழையானது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும் ஆய்வே காட்டியது. விவசாயக் குடும்பங்களுக்குப் பூட்டுப் போடக்கூடிய பெட்டிகளை வழங்கினால் நஞ்சருந்துவது குறையும் என்று பலரும் நம்பினர். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி அதனைச் சோதித்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்ற முடிவு 2017 ஆம் ஆண்டு ‘லான்செற்’ மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பெட்டிகளுக்குச் செலவிட இருந்த பெருந்தொகைப் பணத்தை வேறு நல்வழியிற் செலவிட அம்முடிவு உதவியது. ‘இது பயன் தராது’ என்று துணிந்து கூறுவதும் ஆய்வாளரின் கடமையே.

எம்மைப் பற்றி எழுதப்பட்டவை

எமது மக்களைப் பற்றி ஆய்வுகள் நடந்ததில்லையா என்றால், நடந்துள்ளன. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய தமிழ் மருத்துவர்கள் வட இலங்கையின் தற்கொலைகள் பற்றி 1984 ஆம் ஆண்டிலேயே சர்வதேச மருத்துவ ஏட்டில் எழுதினர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடைய சக ஆய்வாளரும் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, யுத்தம் நடைபெற்ற ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்திருந்தது என்பதை எடுத்துக்காட்டியது. ஷெல்லுக்கும் குண்டுக்கும் அஞ்சிப் பதுங்குகுழியில் இருந்த மக்கள் உயிரை இறுகப் பற்றிக்கொண்டிருந்தனர்.

அப்படியாயின், அந்த யுத்தத்திலிருந்து தப்பி, கடலும் எல்லையும் கடந்து, குண்டுச் சத்தமில்லாத நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களிற் சிலர் இங்கு நம்பிக்கை இழந்து போவது ஏன்? எம்முடைய சமூகம் கேட்டிருக்க வேண்டிய இக்கேள்வியைச் சிட்னியில் டெரிக் சிலோவ், சகரி ஸ்ரீல் முதலிய அவுஸ்திரேலிய ஆய்வாளர் கேட்டனர். புகலிடம் கோருவோர், அகதியாக ஏற்கப்பட்டோர், சாதாரணமாகக் குடியேறியோர் என மூவகைத் தமிழர் 196 பேரிடம் திரட்டிய தகவல்களை 1998, 1999 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். மனவடு அறிகுறிகளில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் 20 விழுக்காட்டை ஊரிற் பட்ட கொடுமைகள் விளக்கின. 14 விழுக்காட்டை வந்த நாட்டில் நேர்ந்த இடர்கள் விளக்கின. ஊரிற் பட்டதற்கு மிகவும் குறைந்ததல்ல இங்கு படுவது என்பதே இதன் பொருள். முடிவு தெரியாத விண்ணப்பம், திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற அச்சம், வேலை செய்யத் தடை, பிரிந்திருக்கும் குடும்பம் என்பன வெறும் மனக்கிலேசங்கள் அல்ல, நோய்க்குக் காரணங்கள் என்று அறிவியல் மொழியில் எழுதப்பட்டது அப்போதுதான்.

ஆயினும் அதற்குப் பின்னர் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதே அவுஸ்திரேலியாவில் 2014 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும், பதிலுக்காக நெடுங்காலம் காத்திருந்த தமிழ் இளைஞர்கள் தம்முயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை நாம் படித்தோம். எந்த ஒரு மரணத்துக்கும் ஒரேயொரு காரணம் இருப்பதில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில், எவருடைய எந்த உதவி ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் என்பதைத் தொடர்ந்து ஆராய எமது மொழி தெரிந்தோர் போதியளவு இல்லை. இரங்கற் கூட்டங்களும் விளக்கேற்றலும் அவசியமானவை. அவற்றோடு நின்றுவிட்டால் அடுத்தவரைக் காக்க அவை உதவா.

‘ஒரே யோசனையாக இருக்குது’

மொழி தெரிந்தோர் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டுப் போதும். யாழ்ப்பாணத்துத் தாயொருவர் மருத்துவரிடம் ‘எனக்கு ஒரே யோசனை’ என்று சொல்கின்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழகத்தில் வளர்ந்தவராயின் அல்லது அகராதியை நம்புபவராயின், ‘இவர் ஒரு விடயத்தைச் சிந்தித்துக்கொண்டிருக்கின்றார்’ என்றே மொழிபெயர்ப்பார். எமது பேச்சில் யோசனை என்பது கவலை; இரவு பகலாக மனத்தை அரிக்கும் கவலை. ‘நெஞ்சு பாரமாகக் கிடக்குது’ என்றால் இருதய நோயென்று எண்ணி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோர் உண்டு. ‘எல்லாம் வெறுத்துப் போச்சு’ என்பது சலிப்பா, அபாய அறிவிப்பா என்பது குரலின் தன்மையை அறிந்தவருக்கே விளங்கும்.

வெளிநாட்டு மருத்துவமனைகளிற் பயன்படும் வினாக்கொத்துகள் ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டு, பின்னர் சொல்லுக்குச் சொல் மாற்றப்படுபவை. அவை எம்மவரிடம் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிப்பதே ஒரு முழுமையான கலாநிதிப் பட்ட ஆய்வுக்குரிய பொருளாகும். இங்கு பிறந்த பிள்ளை வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும்போது தன் துயரை எந்த மொழியிற் சொல்லுகின்றது என்பது மற்றொரு பொருள். முதுமையில் தனித்துப்போன பெற்றோர், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட இளைஞர், உறவினரின் தற்கொலைக்குப் பின் எஞ்சியிருப்போர் என ஆராயப்படாத விடயங்கள் பல கிடக்கின்றன. இவற்றுக்கு மருத்துவர் மட்டுமன்றித் தாதியர், சமூகவியலாளர், மொழியியலாளர், சட்டம் கற்றோர், புள்ளிவிபரவியலாளர் ஆகியோரும் வேண்டும். மருத்துவ பீடத்துக்கு இடம் கிடைக்கவில்லையே என்று பிள்ளையை நோகும் பெற்றோர் இதனைக் கவனித்தல் நன்று.

பணம் எங்கே இருக்கின்றது?

கனடாவில் மத்திய அரசின் ஆய்வுச் சபைகள் வழங்கும் பட்டமேற்படிப்பு உதவித்தொகைகள் 2024 ஆம் ஆண்டு உயர்த்தப்பட்டன. முதுமாணி மாணவருக்கு ஆண்டுக்கு 27,000 டொலரும், கலாநிதிப் பட்ட மாணவருக்கு 40,000 டொலரும் நிர்ணயிக்கப்பட்டன. குடியுரிமை உடையோருக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றோருக்கும் மட்டுமன்றி, அகதியாக ஏற்கப்பட்டுப் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்ற நிலை பெற்றோருக்கும் விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. இதனை அறியாத குடும்பங்கள் எம்மிடையே பல.

பிரித்தானியாவில் அரச ஆய்வுச் சபைகளின் கலாநிதிப் பட்ட உதவித்தொகை 2025–26 கல்வியாண்டுக்குக் குறைந்தபட்சம் 20,780 பவுணாக நிர்ணயிக்கப்பட்டது. கட்டணத்தையும் சபையே செலுத்தும். உதவித்தொகைக்கு வருமானவரி இல்லை. அகதி அந்தஸ்துப் பெற்றவர் உள்நாட்டு மாணவராகவே கொள்ளப்படுவார். எடின்பரோ, பிறிஸ்ரல் தவிர, கிளாஸ்கோவில் பேராசிரியர் ரோரி ஓ’கொனர் நடத்தும் ஆய்வுகூடமும், ஒக்ஸ்போட், மன்செஸ்ரர் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழுக்களும் இத்துறையிற் பெயர் பெற்றவை.

நோர்வேயில் நிலைமை இன்னும் சாதகமானது. அங்கு கலாநிதிப் பட்ட ஆய்வாளர் மாணவராகவன்றிச் சம்பளம் பெறும் ஊழியராகவே நியமிக்கப்படுகின்றார். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தற்கொலை ஆய்வுக்கும் தடுப்புக்குமான தேசிய நிலையம் இருக்கின்றது. சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இதனையொத்த நிலையம் உண்டு. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் பல ஆய்விடங்கள் சம்பளப் பதவிகளே. அவுஸ்திரேலியாவில் பொதுவான ஆய்வுப் பயிற்சி உதவித்தொகைகளோடு, தற்கொலைத் தடுப்புக்கென நிறுவப்பட்ட தேசிய ஆய்வு நிதியமும் கலாநிதிப் பட்டப் புலமைப்பரிசில்களை வழங்கி வந்துள்ளது.

இன்னும் வதிவிட அனுமதி கிடைக்காதோரின் நிலை வேறு. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பல நாடுகளில் அவர்கள் வெளிநாட்டு மாணவராகவே கணிக்கப்படுகின்றனர்; கட்டணம் அவர்களால் எட்ட முடியாதது. ஆயினும் கதவு முற்றாக அடைபடவில்லை. பிரித்தானியாவிற் பல பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோருக்கெனச் ‘சரணாலயப் புலமைப்பரிசில்’ என்ற பெயரில் கட்டண விலக்கு அளிக்கின்றன. அவுஸ்திரேலியாவிலும் சில பல்கலைக்கழகங்கள் மனிதாபிமானப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. விதிகள் ஆண்டுதோறும் மாறுபவை. ஆகையால், செவிவழிச் செய்தியை நம்பாமல், பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் பெறுதல் வேண்டும். கல்வி கற்பதற்குத் தம் விசாவில் தடையுண்டா என்பதைச் சட்டத்தரணியிடம் முதலிற் கேட்டறிதலும் அவசியம்.

விண்ணப்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருத்தல் போதாது. எந்தப் பேராசிரியர் எதனை ஆராய்கின்றார் என்று அவருடைய கட்டுரைகளை வாசித்தறிந்து, தாம் ஆராய விரும்பும் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கே அனுப்புதல் வேண்டும். பிரித்தானியாவில் அடுத்த இலையுதிர்காலத்திற் தொடங்கும் இடங்களுக்கான போட்டிகள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் முடிவடைகின்றன. ஆவணியில் விழித்தெழுவோருக்கு எதுவும் எஞ்சாது.

எழக்கூடிய தடைகள்

வெளியிலுள்ள தடைகளைவிட எம்முள்ளே இருக்கும் தடைகள் பெரியவை. ‘இதைப்பற்றிப் பேசினால் இல்லாத எண்ணமும் வந்துவிடும்’ என்பது முதலாவது. ஒருவரிடம் உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. கேட்பார் ஒருவர் இருக்கின்றார் என்பதே பலருக்கு ஆறுதலாகின்றது.

இரண்டாவது, மானம். இலங்கையிற் தற்கொலை முயற்சி 1998 ஆம் ஆண்டு வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. பிழைத்தவரைத் தேடிப் பொலிஸ் வரக்கூடிய நாட்டில் வாழ்ந்த தலைமுறை இதனை ஒளித்ததில் வியப்பில்லை. அச்சட்டம் நீங்கிய பின்னரும் ஒளிக்கும் பழக்கம் எம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது. நோய்வாய்ப்பட்ட பிள்ளையைச் சம்பந்தம் பேசுவதற்கு இடையூறு என்று மருத்துவரிடம் காட்டாத வீடுகள் இன்றும் உள்ளன.

மூன்றாவது தடை நியாயமானது. ஆய்வாளர் தமிழராயின், ‘எந்த ஊர், ஆருடைய பிள்ளை’ என்ற கேள்வி முதலில் எழும். சொன்ன இரகசியம் வெளியே போகுமோ என்ற அச்சம் அடுத்து எழும். சிறிய சமூகத்தில் இது வீண் அச்சமன்று. இதற்காகவே பல்கலைக்கழகங்களில் ஆய்வு ஒழுக்கக் குழுக்கள் இருக்கின்றன. பெயரை நீக்குதல், தகவலைப் பூட்டி வைத்தல், ஒரு நகரத்தவரிடம் வேறு நகரத்தவர் நேர்காணல் நடத்துதல் என வழிகள் உண்டு. எம்மை அறியாத ஆய்வாளருக்கு இந்த அச்சம் இருப்பதே தெரியாது, எம்மவருக்குத் தெரியும். தெரிந்தவரே அதற்குத் தக்க பாதுகாப்பை அமைக்க முடியும்.

இத்துறை மனத்துக்குச் சுமையானது என்பதையும் மறைப்பதற்கில்லை. தம் வீட்டில் இத்தகைய இழப்பைக் கண்டவர்கள் இத்துறைக்கு வரும்போது ஆழ்ந்த புரிதலோடு வருகின்றனர்; வேதனையோடும் வருகின்றனர். அத்தகையோர் மேற்பார்வையாளரிடம் ஆரம்பத்திலேயே அதனைக் கூறி, உரிய துணையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

எமது நிறுவனங்கள் செய்யக்கூடியவை

ஐரோப்பாவிலும் கனடாவிலும் எமது ஆலயங்களும், பழைய மாணவர் சங்கங்களும், ஊர்ச் சங்கங்களும் கலைவிழாவுக்கும் இராப்போசன விருந்துக்கும் ஆண்டுதோறும் செலவிடும் தொகை சிறிதன்று. அவற்றிற் சில ஒன்றுசேர்ந்து, விண்ணப்பம் நிலுவையிலுள்ள ஒரு மாணவருக்கு முதுமாணிப் படிப்பின் ஓராண்டுக் கட்டணத்தைச் செலுத்த முன்வரலாகாதா? முதுமாணிப் பட்டம் பெற்றவர் அதன்பின் கலாநிதிப் பட்ட உதவித்தொகைக்குத் தகுதியோடு போட்டியிட முடியும். தமிழ்ப் பாடசாலைகள், உயர்வகுப்பு மாணவருக்கு இப்படியும் ஒரு துறை உண்டென்று ஆண்டில் ஒருநாளேனும் எடுத்துரைக்கலாம். ஆய்வாளர் கதவைத் தட்டும்போது, ஆராய்ந்து பார்த்து நல்லவருக்கு இடம் கொடுக்கலாம்; முடிவுகளைத் தமிழில் எமக்கும் சொல்லவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம்.

உதவியை இன்றே தேடுவோர் இக்கட்டுரையை வாசிக்கக்கூடும். பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் 116 123, கனடாவில் 988, பிரான்சில் 3114, சுவிற்சர்லாந்தில் 143, ஜேர்மனியில் 0800 111 0 111, அவுஸ்திரேலியாவில் 13 11 14 ஆகிய இலக்கங்களில் இரவு பகலாக ஆட்கள் காத்திருக்கின்றனர். மொழி தடையாயின், நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அழையுங்கள். குடும்ப மருத்துவரிடம் கூறுங்கள். கூறியதை வெளியிடாதிருப்பது அவருடைய தொழிற்கடமை.

அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் எமது மொழியிற் பதில் சொல்லக்கூடியவரும், அப்பதில் எப்படி அமைய வேண்டுமென ஆராய்ந்து வகுக்கக்கூடியவரும் எம்மிடையே தோன்றவேண்டும். அதற்கான இடமும் பணமும் இந்நாடுகளில் இருக்கின்றன. எம்மைப் பிறர் எண்ணிக் கணக்கிட்ட காலம் நீண்டுவிட்டது. இனி எமது பிள்ளைகளும் அக்கணக்கை எழுதட்டும்.